பக்கி வண்டி வயரிங்கில் தண்ணீர் ஏறாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் மூன்று நண்பர்கள் பழைய பைக் எஞ்சின் ஒன்றை வைத்து, குழாயில் சட்டம் அடித்து, ஒரு பக்கி வண்டி கட்டியிருக்கிறார்கள். அதைக் குட்டியானையில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், உறவினர் ஒருவரின் காபி எஸ்டேட் பாதைகளில் ஓட்டுகிறார்கள். மழை நாளில் சேற்றுக் குழியில் இறங்கியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து எதுவுமே செய்யாமல் கிளம்புகிறது. செல்ஃப் போட்டால் சில நேரம் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. அதனால் சிலிக்கான் பேஸ்ட் வாங்கி எல்லா இணைப்புகளையும் மூடி, மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திறந்தால் உள்ளே தண்ணீர், வயர் முனைகளில் பச்சைக் களிம்பு. "இத்தனை மூடியும் எப்படி உள்ளே போனது? இன்னும் என்ன போட்டு மூடலாம்?" என்று கேட்கிறார்கள்.

தம்பிகளா, மூடுவதை நிறுத்துங்கள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. சேற்றில் ஓடும் வண்டிக்குள் தண்ணீர் வந்தே தீரும். வந்த தண்ணீர் நிற்காமல் வெளியேற வழி இருக்கிறதா, நின்றுவிட்டாலும் அந்த இடத்தில் கரன்ட் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வயரிங் என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் யோசித்துச் செய்ததுதான்.

உங்கள் டப்பாவுக்குள் தண்ணீர் போனதற்குக் காரணம் நீங்கள் போகிற பாதையிலேயே இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே வீட்டில் இறுக்கி மூடிய டப்பாவின் காற்று மேலே போனதும் வெளியே தள்ளும்; மூடியின் விளிம்பிலோ வயர் நுழையும் ஓட்டையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். மாலையில் மலை இறங்கும்போது நேர்மாறாக நடக்கும். இப்போது உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். டப்பா உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் விளிம்பில் ஈரச் சேறு ஒட்டியிருந்தால் அந்த ஈரத்தைத்தான் உள்ளே இழுக்கும்.

மலை ஏறாமல் அடிவாரத்திலேயே ஓட்டினாலும் இது நடக்கும். எஞ்சின் பக்கத்தில் இருக்கிற டப்பா 60 டிகிரி வரை சூடாகியிருக்கிறது என்று வையுங்கள். அது அப்படியே குளிர்ந்த குழித் தண்ணீரில் இறங்கி 25 டிகிரிக்கு வந்தால், உள்ளே இருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அது வரும். ஊசி முனை அளவு இடைவெளி போதும். இப்படி உள்ளே போன தண்ணீர் திரும்ப வெளியே வர வழியில்லை. நீங்கள்தான் எல்லா வழியையும் அடைத்துவிட்டீர்களே.

எனவே டப்பாவுக்கு மூச்சு விட ஒரு வழி கொடுங்கள். மேல்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, அதைச் சட்டத்தின் மேல் குழாய் வரை கொண்டுபோய் முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடுங்கள். காற்றை அந்த உயரத்திலிருந்து இழுக்கட்டும். கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் பிரீதர் என்ற மூச்சுக் குழாய் வைப்பது இதே காரணத்துக்காகத்தான். இன்னொரு வழியும் உண்டு. பல கார் ஹெட்லைட்டுகளின் பின்புறம் காசு அளவில் ஒரு வட்டச் சவ்வு ஒட்டியிருக்கும். அதன் வழியாகக் காற்று போகும், தண்ணீர்த் துளி போகாது. பழைய உதிரிபாகக் கடையில் உடைந்த ஹெட்லைட்டிலிருந்து அதைக் கழற்றி எடுக்கலாம். ஆனால் சேறு அப்பினால் சவ்வு அடைத்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு நான் குழாயைத்தான் சொல்வேன்.

அதைவிட நல்லது, டப்பாவையே தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோவது. சீட்டுக்குப் பின்னால், தோள் உயரத்தில், நடுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினால் குழித் தண்ணீர் அங்கே வரவே வராது. சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்டும்தான் வரும். அதற்குப் பின்புறம் ஒரு தகடு போதும். அந்த உயரத்தில் வைத்தால் டப்பாவின் அடியில், மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் ஓட்டையும் போட்டுவிடுங்கள். நான் ரிக் வண்டி வயரிங் வேலை பார்க்கிறவன். போர் போடும்போது கல் மாவும் தண்ணீரும் கலந்து அடிக்கும் சகதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் கட்டும் எந்த டப்பாவிலும் அடியில் ஓட்டை இருக்கும். டப்பா முழுகும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால் மட்டும் அடி ஓட்டை வேண்டாம். அப்போது மேலே குழாய் மட்டும்.

வயர்கள் டப்பாவுக்குள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு கைப்பிடி அளவு கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். நுழையும் இடத்தில் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் ரப்பர் வைத்த மரை) போட்டால் ஒரு கிளாண்டில் ஒரு வயர்தான். ஐந்தாறு வயரைச் சேர்த்து ஒரே கிளாண்டில் திணித்தால் நடுவில் எப்போதும் சந்து இருக்கும், என்ன இறுக்கினாலும்.

பலர் கவனிக்காத ஒன்று, வயருக்குள்ளேயே தண்ணீர் நடந்து போகும் என்பது. உள்ளே இருப்பது மெல்லிய கம்பிகளின் திரி. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, வெட்டுப்பட்ட ஓர் இடத்தில் நனைந்தால் மேலுறைக்குள்ளேயே ஈரம் பல அடி தூரம் ஏறிப் போகும். வயரை உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துப் போயிருக்கும். அப்படிக் கறுத்த வயரில் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) அடித்துப் பயனில்லை. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், இல்லையென்றால் வயரையே மாற்றுங்கள்.

சரி, சிலிக்கான். நீங்கள் போட்ட பேஸ்டில் வினிகர் வாசனை வந்ததா? கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பெரும்பாலும் அந்த வகை. உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் செம்பை அரிக்கும். மூடிய டப்பாவுக்குள் அந்த ஆவி வெளியே போகவும் முடியாது. நீங்கள் பார்த்த பச்சைக் களிம்பில் ஒரு பங்கு அந்தப் பேஸ்ட் செய்த வேலையாகவே இருக்கலாம். கட்டாயம் ஒட்ட வேண்டிய இடத்துக்கு ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியிருக்கும் சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள். வயர் இணைப்புக்கு அதுவும் தேவையில்லை. உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கிடைக்கிறது. சூடு காட்டினால் சுருங்கி, ஓரத்தில் பசை கசிந்து இறுகும். அதுதான் சரி. கறுப்பு இன்சுலேஷன் டேப் சேற்று வண்டிக்கு ஆகாது. வெயிலில் பசை இளகி, மடிப்புக்குள் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும்.

இணைப்பைச் சால்டர் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (லக்கை வயரோடு அழுத்தி நசுக்குவதா) என்று பலர் கேட்பார்கள். குலுங்கும் வண்டிக்கு நல்ல கிரிம்ப்தான். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப் போகும். அது முடியும் ஓரத்தில் குலுக்கலில் ஒடியும்.

இப்போது கரன்ட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் களிம்புக்கு முக்கியக் காரணம் இதுதான். சுத்தமான மழைத் தண்ணீரில் நனைந்த செம்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. சேற்றுத் தண்ணீரில் நனைந்து, அதில் 12 வோல்டும் இருந்தால், அது ஒரு முலாம் பூசும் தொட்டி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பாசிடிவ் பக்கத்துச் செம்பு கரைந்து ஈரத்துக்குள் இறங்கும். நீங்கள் மலையிலிருந்து வந்து, வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவீர்கள். ஆனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸுக்கும் செல்ஃப் ரிலேவுக்கும் சாவி சுவிட்சுக்கும் 12 வோல்ட் ராத்திரி முழுக்க இருந்துகொண்டேயிருக்கும். உங்கள் களிம்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். எப்போதும் பாசிடிவ் இருக்கும் வயர்களில்தான் அதிகமாக இருக்கும்.

காபித் தோட்டத்துச் சேறு இன்னும் மோசம். உரமாகப் போடும் பொட்டாஷ் ஓர் உப்பு. தண்ணீரில் கரைந்தால் கரன்ட் நன்றாகக் கடத்தும். இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் இருக்கும். அதோடு சேர்வராயன் மலையின் செம்மண் மிக நைசானது, ஒட்டினால் காயும்வரை விடாது. பாக்சைட் வெட்டி எடுத்த மலை அல்லவா, மேல்மண் அப்படித்தான். காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே இருக்கும். மறுநாள் பனி இறங்கினால் திரும்ப ஈரமாகி வேலையைத் தொடரும்.

இதற்கு மருந்து எளியது. பேட்டரியின் நெகடிவ் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். ஓட்டி முடித்து எஞ்சின் நின்ற அடுத்த நிமிடமே அதை அணைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். பேட்டரி திடீரென்று விலகினால் சார்ஜிங் வோல்டேஜ் எகிறி மற்ற பாகங்கள் போய்விடும். அப்புறம், மெயின் ஃபியூஸ் பேட்டரி பாசிடிவுக்கு மிக அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் வரைக்கும் போகும் வயர் உரசிச் சட்டத்தைத் தொட்டு எர்த் ஆனால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

உங்கள் எஞ்சின் நிற்பதற்கு வருவோம். குழியில் நின்று, அரைமணி நேரத்தில் தானாகச் சரியாகிறது என்றால் ஏதோ ஒன்று நனைந்து, பிறகு காய்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது கில் சுவிட்ச், அதாவது எஞ்சினை அணைக்கும் சுவிட்ச். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சின்னப் பெட்டிதான் சி.டி.ஐ. சில சி.டி.ஐ.களில் கில் வயர் எர்த் ஆனால் எஞ்சின் நிற்கும். வேறு சிலவற்றில் 12 வோல்ட் துண்டிக்கப்பட்டால் நிற்கும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். முதல் வகை என்றால், சுவிட்சுக்குள் போன சேற்றுத் தண்ணீரே எர்த் கொடுத்துவிடும். நீங்கள் அணைத்ததாகவே சி.டி.ஐ. நினைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ஒரு வயரை மட்டும் சி.டி.ஐ. பக்கத்தில் கழற்றி, முனையை மூடி, பிறகு ஓட்டிப் பாருங்கள். அப்படி ஓட்டும்போது எஞ்சினை நிறுத்த வேறு வழி, பெட்ரோலை அடைக்கும் காக்கோ சோக்கோ, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓடும்போது அந்த வயரைத் தொடாதீர்கள். பலமாக ஷாக் அடிக்கும். இந்தச் சோதனை முடிந்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். கில் சுவிட்ச் இல்லாத பக்கி வண்டியில் யாரும் உட்காரக் கூடாது. பழுது அதுதான் என்று தெரிந்தால், ரப்பர் தொப்பி போட்ட நல்ல சுவிட்சாக வாங்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

அடுத்த சந்தேகம் பிளக் கேப். இருட்டிய பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் பிளக் கேப், இக்னிஷன் காயில், இரண்டையும் இணைக்கும் தடித்த வயர் என்று ஒவ்வொன்றாக லேசாகத் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும், எஞ்சினும் தடுமாறும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைத்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்று நனைத்து, பார்த்து, பிறகு அடுத்தது. பல எஞ்சின்களில் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்ன வடிகால் துளை வரும். செம்மண் அதை அடைத்துவிட்டால் பிளக் தண்ணீரில் நிற்கும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். பிளக் கேப்பின் ரப்பருக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

இந்தக் கிரீஸ் கரன்ட் கடத்தாது. ‘கடத்தாத கிரீஸைக் கப்ளருக்குள் (வயர்களைச் செருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) வைத்தால் கரன்ட் எப்படிப் போகும்’ என்று கேட்பார்கள். பின் உள்ளே நுழையும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் விலகிவிடும்; சுற்றியுள்ள சந்தில் மட்டும் நின்று ஈரத்தைத் தடுக்கும். மெல்லிசாகப் போதும். வாசலைன் அவசரத்துக்குச் சரி, ஆனால் எஞ்சின் சூட்டில் உருகி வடிந்துவிடும். பேரிங் கிரீஸைக் கப்ளரில் வைக்காதீர்கள்; ரப்பர் சீலை ஊத வைக்கும்.

கப்ளரிலேயே நல்லதாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கார்களில் எஞ்சின் பக்கம் வரும் கப்ளர்களில் ஒவ்வொரு வயருக்கும் தனியாக ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கும், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் இன்னொன்று இருக்கும். வயர் தடிமனுக்கு ஏற்ற சீல் போட வேண்டும். வயர் இல்லாத ஓட்டை ஒன்று இருந்தாலும் அதற்கு டம்மி பிளக் போட வேண்டும். அந்த ஒரு காலி ஓட்டை போதும், மற்ற எல்லாச் சீலும் வீண்.

‘டிக் டிக்’ சத்தத்துக்கு நான் பேட்டரியைக் குறை சொல்ல மாட்டேன், எர்த்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்கள் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்திருப்பீர்கள். பெயின்டின் மேல் லக்கை வைத்து போல்ட் முறுக்கியிருந்தால் மரைவழியாகத்தான் எர்த் போகிறது. மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு லக்கை வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதன் மேல் கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். இன்னும் நல்லது, எஞ்சினிலிருந்து பேட்டரி நெகடிவுக்குத் தடித்த வயர் ஒன்றை நேராகவே இழுத்துவிடுவது. எர்த் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் பேட்டரிக்கு வாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அது தேறாது.

பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் டப்பாவுக்குள் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். அதன் முதுகில் இருக்கும் வரிகள் காற்றுப் பட்டுச் சூடு ஆறுவதற்காக. உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றித்தான் வருகிறது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சி.டி.ஐ.யும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டிலும் கப்ளரைப் பாதுகாத்தால் போதும். சேறு படிந்த ரெகுலேட்டர் சூட்டில்தான் சாகும், அதைத் துடைத்துவிடுங்கள்.

‘ஐ.பி. 67’ என்று எழுதிய லைட்டும் சுவிட்சும் வாங்கினால் கவலையில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: தூசி புகாது, அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் வைத்தால் கெடாது. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீருக்கு வேறு சோதனை. சர்வீஸ் ஸ்டேஷன் பம்ப் அளவுக்கு அழுத்தமும் சூடும் தாங்குவதற்கு 69 என்ற எண் வேண்டும். ஆகவே 67 லைட்டை வாட்டர் சர்வீஸில் கன் வைத்து அடித்து, ‘வாட்டர் ப்ரூஃப் என்றார்களே’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

உண்மையில் சேற்றுக் குழியைவிட வாட்டர் சர்வீஸில்தான் நிறைய வயரிங் கெடுகிறது. எஞ்சின் ஆறட்டும். சேறு காய்ந்து இறுகுவதற்கு முன், எஸ்டேட்டிலேயே சாதாரண ஹோஸில் தண்ணீர் விட்டு, கையாலோ பிரஷ்ஷாலோ கழுவுங்கள். டப்பா, கப்ளர், சுவிட்ச் பக்கம் பம்பைக் காட்டவே வேண்டாம். பிறகு காற்றடித்து உலர்த்தும்போதும் கப்ளர் வாய்க்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பா மூடியைத் திறந்து ஒருநாள் வெயிலில் விடுங்கள். டபிள்யூ.டி-40 அடிப்பது ஈரத்தை விரட்ட மட்டும்தான். அது ஆவியான பிறகு பெரிய பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது.

வயரிங் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆழமான தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால், உடனே செல்ஃப் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றி, தண்ணீர் வருகிறதா பாருங்கள். வந்தால் முழுக்க வெளியேறும் வரை சுற்றிய பிறகே பிளக்கை மாட்ட வேண்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கில் வயர் சோதனையும் எர்த் வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும், செலவும் அதிகம் இல்லை. அவற்றை முடித்துவிட்டு அடுத்த முறை மலைக்குப் போய் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி கட்-ஆஃப் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். டப்பாவை உயர்த்துவதும் கப்ளர் மாற்றுவதும் நேரம் பிடிக்கும். அதை மழை விட்டு, தை மாசி வறண்ட நாட்களில் வயரிங் கிட்டையே மொத்தமாகக் கழற்றி மேசையில் போட்டு, ஒவ்வொரு வயரையும் உரித்துப் பார்த்துச் செய்யுங்கள். கழற்றும்போது போட்டோ எடுத்துக்கொண்டு, வயர் முனைகளில் எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள். அதுவரை மேலே போகும்போது பையில் இரண்டு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், ஒரு காய்ந்த துணி இருக்கட்டும்.